புகழ்ந்தாலும் ஒன்றும் வராது!

இன்று பென்டில் ஹில் மளிகைக் கடை கவுன்டரில்...

பில் போட்ட பிள்ளை என்னைப் பார்த்து, "அன்ரி, இந்த வயசிலயும் என்ன வடிவா இருக்கிறீங்கள்!" என்றாள்.

என் வாய் தன்பாட்டில் சொன்னது: "ஹொமெத்தெமோ நானிமோ டெனாய்யோ!"

பிள்ளை முழித்த முழி! (அன்ரிக்குப் பிரஷர் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பாள்.)

ஜப்பான்காரர் பகிடியாகச் சொல்வது அது. என்னைப் புகழ்ந்தாலும் உங்களுக்கு ஒன்றும் வராது!

எழுபதுகளில், ஹோம்புஷ் பிளாட்டில், கீழ்வீட்டுச் சச்சிகோ சொல்லித் தந்தது. உலகப் போர் முடிந்து ஜப்பானுக்குப் போன ஆஸ்திரேலியச் சிப்பாய் ஒருவரைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவள். என்னைவிட நன்றாக மூத்தவள், ஆனாலும் சிநேகிதி. (பேச்செல்லாம் எங்கள் இருவரின் அரைகுறை இங்கிலீஷில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.)

எங்கள் ஆட்கள் எப்படி? கறி நல்லாயிருக்கு என்றால், "சும்மா போங்கோ, உப்புக் கூடிப்போச்சு" என்போம். புகழ்ச்சி என்றாலே கண்ணூறுப் பயம்!

சச்சிகோ அப்படியில்லை. கேக் நல்லாயிருக்கு என்றால் இடுப்பில் கை வைத்து அந்த வசனத்தை எடுத்துவிடுவாள். சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டை என் தட்டில் வைப்பாள். (அதற்காகவே நான் புகழ்ந்த நாட்களும் உண்டு!)

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொன்னாள். எதிரி நாட்டானைக் கட்டியதற்காக, அவள் கப்பலேறிய அன்று அம்மா, "இனி நீ எனக்கு மகள் இல்லை" என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு இருவருக்கும் ஒரு கதை பேச்சும் இல்லை.

எங்கள் வீட்டில்தான் டெலிபோன் இருந்தது. ஒருநாள் ஜப்பானிலிருந்து அவளுடைய தம்பி எடுத்தான்.

"அம்மா என்னை வரச் சொல்லுறா!"

என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். டிக்கெட் புக் பண்ணினாள். அம்மாவுக்கென்று சாம்பல் நிறத்தில் கார்டிகன் பின்னத் தொடங்கினாள். அம்மாவின் அளவு மறந்துபோச்சு, பாவம்! என்னை நிற்கவைத்து அளந்து பார்த்தாள்.

கார்டிகனில் ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தபோது தம்பி திரும்பவும் எடுத்தான். கீழே ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

"ஹை... ஹை..." என்று அவர்கள் பாஷையில் ஓம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். டெலிபோனை வைத்தாள்.

"அம்மா போயிட்டா."

அடுப்புக்குப் பக்கத்தில், என் குசினி நிலத்தில் அப்படியே குந்திவிட்டாள்.

பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சச்சிகோ, நீ நல்ல மகள்."

அவள் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன்.

"இன்னொருக்கா."