முதல் மாடிவரை வந்த இடிதாங்கி

அறுபதுகளின் நடுவில் பம்பாய் மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்கு நாலு மாடி, அதன்மேல் தண்ணீர்த் தொட்டி, அதற்கும் மேலே ஓர் இடிதாங்கி. அதிலிருந்து ஒரு செம்புப் பட்டை எங்கள் முதல் மாடி ஜன்னலை ஒட்டி இறங்கி, கீழ்வீட்டு வாசலருகே மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு மே மாதம் கீழ்வீட்டு மாமா அதை எங்கள் ஜன்னலுக்குச் சற்றுக் கீழே அறுத்துவிட்டார்.

திருட்டு இல்லை. அறுத்த துண்டைச் சுருட்டி என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார்.

"நீங்களே சொல்லுங்கோ சார். நாலு மாடி இடியும் எங்க வாசல்லதான் வந்து இறங்கணுமா? நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

"மாமா, மண்ணுக்குள்ள போயிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. இப்ப இடி எங்க ஜன்னல்ல வந்துன்னா நிக்கும்?"

"அப்போ நீங்களும் அறுத்துடுங்கோ."

மாடிக்கு மாடி அறுத்துக்கொண்டே போனால் இடி வானத்திலேயே தங்கிவிடும் என்பது அவர் கணக்கு. நான் புத்தகம் படித்தவன். மின்சாரம் பற்றி முக்கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு நன்னா பேச வர்றது" என்றார்.

அந்த ஜன்னலோரம்தான் அப்பாவின் கட்டில். பக்கவாதத்தில் படுத்தவர். எங்கள் ஒற்றை அறையில் கட்டிலை வேறெங்கே போட்டாலும் கதவு திறக்காது. மூன்று முறை அளந்தேன். மூன்று விதமாக வந்தது. கட்டடத்துக்குச் சொந்தக்காரரான சேட்டிடம் முறையிட்டதில் பட்டையை மறுபடி இணைக்க ஒரு மிஸ்திரியை அனுப்பினார். மாமா பட்டை இறங்கிய குழிமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். மிஸ்திரி ஒரு பீடி தீரும்வரை காத்திருந்து, முதலில் உங்களுக்குள் பேசி முடியுங்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஜூனில் முதல் இடி.

"கட்டிலை நகர்த்துங்கோளேன்" என்றாள் மனைவி. நகர்த்தினேன், அரையடி. யாரோ கதவைத் தட்டினார்கள். மாமா. பாதிதான் திறந்த கதவில் உடம்பைச் சாய்த்து நுழைந்தார்.

"பெரியவர் பயப்படுவாரேன்னு வந்தேன்" என்றவர், பட்டை முடிகிற அதே ஜன்னலடியில் உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

இந்த மனுஷரோடு எப்படிச் சண்டை போடுவது? இடி விழுந்தால் முதலில் எரிபவர் அவர்தான்.

"மாமா, இந்தப் பக்கம் வந்துடுங்கோ."

"இருக்கட்டும். இங்கேதான் காத்து வர்றது."

மின்னலில் வானம் வெளுத்தது. அப்பா பேச்சு வராத வாயால் ஏதோ சொன்னார். "ஆமாம், நல்ல மழைதான்" என்று மாமா பதில் சொன்னார். பஞ்சு மின்சாரத்தைக் கடத்தாது என்று படித்திருந்தேன். இரண்டு பஞ்சுத் தலையணைகளை எடுத்து, ஒன்றைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் செருகினேன். இன்னொன்றை மாமாவின் முதுகுக்குக் கொடுத்தேன்.