நாச்சிமுத்தண்ணன் தனியே நின்ற பட்டறை

கணபதி கிராமத்திலிருந்து வந்த ஜட்கா வண்டிக்காரர் சொல்லித்தான் நாச்சிமுத்தண்ணன் காலமான செய்தி எனக்குத் தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டிலிருந்து உறவினர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நம் ரயில் பட்டறை ஆட்கள் ஒருவர்கூட இல்லை. அவரை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஆட்குறைப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெட்டிகளுக்கு வண்ணம் பூசும் பிரிவைக் கலைக்கப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. சங்கத்தின் சார்பில் அந்தப் பிரிவுக்காரரான அவரும், கடைசல் பிரிவிலிருந்து நானும் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரையிடம் போனோம்.

"எல்லாருக்கும் வேலை நாளைக் குறைச்சுக்குங்க. ஆளை மட்டும் அனுப்பாதீங்க" என்று கேட்டார் அண்ணன்.

கம்பெனி மற்ற எல்லாரையும் அனுப்பிவிட்டு, அவரை மட்டும் வைத்துக்கொண்டது. அவர் கேட்காத சலுகை அது. அவர் விலைபோய்விட்டார் என்று ஊர் பேசட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். ஊரும் பேசியது.

"வேலையை உட்டுப்போடுங்கண்ணா" என்றேன்.

"உட்டுப்போட்டா எம் பேரு பொழைச்சுக்கும் தம்பி. ஆனா அந்தந்தப் பிரிவு ஆளுகூடத்தான் துரை பேசுவாரு. நானும் போயிட்டா அவங்களுக்காக யாரு கேக்கறது?"

அந்த நீளமான கொட்டகையில் ஒற்றை ஆளாகப் பூசிக்கொண்டிருந்தார். மத்தியானம் அவர் சோற்றுப்போசியைத் திறந்தால் பக்கத்தில் இருந்த மற்றப் பிரிவுக்காரர்கள் எழுந்து போனார்கள்.

வேலை இழந்த மாரப்பனின் வீட்டுக்கு ஒருமுறை அவரோடு போயிருந்தேன். மாரப்பனின் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டார். "ஏனுங்க, இன்னும் எதுக்கு வாரீங்க? அவரு உங்களைப் பார்க்க மாட்டேங்கறாருங்க."

"துரைகிட்டப் பேசிட்டுத்தான் இருக்கறனுங்க அம்மணி. பொழப்புக்கு வேற ஊரு போயிர வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க."

ஒரு சொம்புத் தண்ணீர்கூட வரவில்லை. அண்ணன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

துரை சலித்துப்போகும்வரை கேட்டார். கடைசியில் பாதிப்பேரைத் திரும்ப எடுத்தார்கள். மாரப்பனும் வந்தார். அண்ணனுக்குப் பக்கத்திலேயே நின்று பூசினார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"பேசலீன்னா என்ன கண்ணு? பக்கத்துல ஆளு நிக்குதுல்ல" என்றார் அண்ணன்.

அண்ணன் ஓய்வு பெற்றுக் கணபதிக்குத் தங்கை வீட்டோடு போகும்வரை அவர்கள் பேசவேயில்லை.

இப்போது எங்கள் கடைசல் பிரிவுக்காகத் துரையிடம் பேச நான்தான் போகிறேன். வெளியே என்ன சொல்வார்களோ என்று தயங்காமல் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அது அவரிடமிருந்து வந்தது. கேட்டுவிட்டு வெளியே வந்தால், ஆட்கள் விலகிப்போக, பேச ஆளில்லாமல் வீடுவரை நடக்கிறேனே, அதுவும் அவருடையதுதான்.