கும்மிடிப்பூண்டியில் போர்த்தப்படாத பொன்னாடை

சென்ற ஆனி மாதம் என் அலுவலகம் என்னைத் தலைவராக்க முடிவு செய்தது. லாரி ஓட்டுநர்களிடையே எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் நடத்தும் மேலாளர்களுக்கு நான்கு நாள் தலைமைப் பயிற்சி, திருவள்ளூரில். அடுத்து அனுப்பப்படவிருக்கும் மேலாளர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்கள் ரயில் விவரத்தை மட்டும் படித்தால் போதும்.

சென்ட்ரலிலிருந்து மின்சார ரயில், நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் பத்து ரூபாய்க்குள். ஸ்டேஷனிலிருந்து மண்டபத்துக்கு ஆட்டோ முப்பது ரூபாய். எய்ட்ஸ் என்ற சொல் தூரத்திலிருந்தே தெரியும்படி அச்சடித்த பை ஒன்றை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். ஆட்டோக்காரர் அதைப் படித்தார்.

"இன்னா சார், உங்களுக்கா?"

"இல்லைங்க. வேலை."

"அப்டித்தான் சொல்லுவாங்க" என்றார், ஆறுதலாக.

இறங்கும்போது எழுத்தை உடம்புப் பக்கம் திருப்பி மாட்டிக்கொண்டேன். மண்டபத்தில் எல்லோரும் அப்படித்தான் மாட்டியிருந்தார்கள்.

மாலையில் மற்றவர்கள் வராந்தாவில் நின்று வீட்டுக்குப் பேசுவார்கள். என் போனில் வேலை சாராத எண் ஒன்றுதான், கேஸ் ஏஜென்சி. நண்பர் என்று சொல்லக்கூடியவர் நாகராஜ். கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை. டயர் ஒட்டும் நேரத்தில் ஓட்டுநர்களிடம் பேசி, ஆணுறை கொடுத்து அனுப்புவார். எங்கள் வேலை பார்ப்பது அவர் வீட்டுக்கே தெரியாது. கடைப்பக்கம் எங்கள் ஆட்கள் யாரும் வரக்கூடாது என்பது நிபந்தனை. சனிக்கிழமைதோறும் போனில் கணக்குச் சொல்லிவிட்டு, அரைமணி நேரம் கதையும் பேசுவார். நேரில் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள், மறுநாள் பேனர் கட்டிய வேனில் ஒரு களப்பணியாளரின் இடத்துக்கே போய், அவருக்குப் பொன்னாடை போர்த்திப் படமெடுப்பது என்று பயிற்சியாளர் அறிவித்தார். சீட்டுக் குலுக்கியதில் நாகராஜ் பெயர் வந்தது. வேண்டாம் என்றேன். கரும்பலகையில் என் பெயருக்கு எதிரே 'மாற்றத்தை ஏற்பதில் தயக்கம்' என்று எழுதினார்.

நாகராஜை அழைத்தேன்.

"சார், வேனு கீனு இட்டாந்துடாதீங்க! நாளிக்கு மாப்ள வூட்டுக்காரங்க கடையப் பாக்க வராங்க. பாத்துட்டுதான் தட்டு மாத்துவாங்களாம். எய்ட்ஸுனு பேனர் கட்ன வேனு வந்து நின்னுச்சுனா, என் தங்கச்சிக்கே நோவுன்னுடுவானுங்க."

முன்னால் போய் ஏற்பாடு பார்க்கிறேன் என்று பயிற்சியாளரிடம் சொல்லி, மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். ஆனால் ரயிலில் போக, சென்னைவரை திரும்பி வந்து பேசின் பிரிட்ஜில் மாற வேண்டும். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் பயிற்சியாளருக்குப் போன் செய்தேன்.

"கடை பூட்டியிருக்கிறது. ஆள் ஊரில் இல்லை."

அங்கேயே திரும்பியிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒருமுறை முகத்தைப் பார்ப்போம் என்று நடந்தேன். கடை பெஞ்சில் வேட்டி கட்டிய மூவர் கலர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பாக்கத்துக்காரர்கள், மாப்பிள்ளை வீட்டார். தரையில் குந்தி டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தவர் நான் நினைத்ததைவிடக் குள்ளம்.

"இன்னா நைனா, இன்னா வோணும்?" என்றார் மூவரில் பெரியவர்.

"ஸ்டேஷனுக்கு எப்படிப் போகணும்?"

என் குரல் கேட்டதும் டியூபில் இருந்த கை நின்றது. நாகராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரிஞ்சவரா மச்சான்?" என்றார் பெரியவர்.

"நான் பாத்ததே இல்ல மாமா" என்றார் நாகராஜ். உண்மைதான். பிறகு என்னிடம், "வந்த வழியே போங்க சார். ரோட்ட பாத்து தாண்டுங்க, லாரி வரும்."

"வந்த வழிய மறந்துட்டு நிக்குறாரு, பேஜாரு புடிச்ச ஆளு!" மூவரும் சிரித்தார்கள். நாகராஜும் சிரித்தார். நன்றி சொல்லிவிட்டு, வந்த வழியே போனேன்.

வேன் பாதி வழியில் ஒரு டீக்கடையில் நின்று, பொன்னாடையைத் தன் ஓட்டுநருக்கே போர்த்திப் படமெடுத்துக்கொண்டு திரும்பியதாகப் பிறகு தெரிந்தது. பயிற்சி அறிக்கையின் அட்டையில் இருப்பவர் அவர்தான். நல்ல முகம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மண்டபத்தில் மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். கொசுவர்த்தி எடுத்துப் போங்கள். களப்பயணம் என்றால், நாம் போய் நிற்பதால் அங்கே யாருக்கு என்ன போகும் என்று முதலில் கேளுங்கள். பயிற்சியில் அதைக் கேட்கச் சொல்ல மாட்டார்கள்.

ஆவணியில் தங்கச்சி கல்யாணம் நடந்தது. ஊரையே அழைத்ததாக நாகராஜ் சனிக்கிழமை போனில் சொன்னார். சாப்பாட்டில் என்னென்ன என்று கேட்டேன். ஒவ்வொன்றாக, பாயசம்வரை, நிதானமாகச் சொன்னார்.