நாற்பதில் போன கார்

கவரைப்பேட்டையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில்தான் அவரைப் பார்த்தேன். அங்கே பழுதுபார்க்க விட்டிருந்த என் பைக் அன்று தயாராகவில்லை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய நரைமுடிக்காரரான அவர், தன் பழைய காருக்கு சூப்பர்சார்ஜர் மாட்டியிருந்தார். அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். அதற்கு ஈடாகப் பெட்ரோலும் போக வேண்டும். அதனால் டேங்கில் பெரிய பெட்ரோல் பம்ப் போட்டார்கள். பழைய மெல்லிய ஒயர் அதற்குத் தாங்காது என்று பேட்டரியிலிருந்தே தடித்த ஒயரை இழுத்தார்கள்.

வேலை முடிந்ததும் அவர் ஸ்டார்ட் செய்யவில்லை. சாவியைப் பாதி திருப்பிவிட்டு, பின்சீட்டில் காதை வைத்து, அடியில் பம்ப் முனகுவதைக் கேட்டார். திரும்பப் போய்ச் சாவியைத் திருப்பி, இன்னொரு முறை கேட்டார்.

எளாவூர் வரை என்னையும் ஏற்றிக்கொண்டார். ஸ்பீடாமீட்டர் முள் நாற்பதைத் தாண்டவே இல்லை. செங்கல் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி எங்களை முந்திப் போனது.

"இவ்ளோ பெரிய பம்ப மாட்டிக்கினு, இன்னா சார் நாப்பதுல போறீங்க?"

"முன்னாடிலாம் லாரிக்காரன் முந்துனா பேஜாரா இருக்கும் நைனா," என்றார். "இப்ப நான்தான அவன முந்த வுடறேன்."

இப்போதெல்லாம் அந்தச் சாலையில் மெதுவாகப் போகும் காரை முந்தினால், எனக்கு முழுத் திருப்தி வருவதில்லை.