அரூர் பஸ் நிலையத்து வாசலில் ஒரு நாடகம்

எண்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம் தீர்த்தமலைக்குக் கிளம்பினேன். வேண்டுதல் எதுவும் இல்லை. நண்பன் பஷீர் அரூரில் வீதி நாடகம் போடுகிறான், போகிற வழியில் அதையும் பார்க்கலாமே என்றுதான். சேலத்திலிருந்து அரூருக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பிடித்தது. அங்கிருந்து மலை இன்னும் பதினாறு கிலோமீட்டர்.

பஷீர் கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தான். அன்று கடையைப் பூட்டிவிட்டு, நாலு நண்பர்களோடு பஸ் நிலையத்து வாசலில் பறையடித்துக் கூட்டம் சேர்த்தான். மேடை கிடையாது, திரை கிடையாது. புளி மூட்டையோடு வந்தவர்கள், தாலுகா ஆபீசுக்கு வந்தவர்கள் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். குடியின் கேட்டைச் சொல்லும் நாடகம். குடிகாரனாக நடித்த பஷீர் தள்ளாடி விழுந்து கிடந்தான். கூட நடித்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவனைச் சுற்றிப் போனார்கள். கூட்டம் சிரித்தது. நானும்தான்.

அப்போது மில்லில் குத்திய சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வட்டத்துக்குள் வந்தாள். சித்தேரி மலைக்காரி. மூட்டையை இறக்கிவிட்டுப் பஷீரின் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவன் முகத்து மண்ணைத் துடைத்தாள்.

"எந்திரு சாமி. வெயில்ல கெடக்காத."

பஷீர் கண்ணைத் திறந்தான். "இது நாடகங்க அக்கா."

"தெரியுதுங்க. எங்க வூட்டுக்காரரும் இங்கதான் வுழுந்தாரு. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குத் தனியா வந்தவரு. ஒரு சொட்டு குடிச்சதில்லீங்க. குடிகாரன்னு நெனச்சு எல்லாரும் சுத்திக்கிட்டே போயிட்டாங்க. பொழுது சாஞ்சுதான் பாத்திருக்காங்க." தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். "இன்னைக்கு எத்தன பேரு நிக்கறீங்க!"

பறை நின்றுபோனது. மூட்டை தூக்குகிறவர் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தோம். வழி அடைபட்டு நின்ற பஸ் ஹாரன் அடித்தது. யாரோ ஜன்னலருகே போய் விஷயத்தைச் சொன்னார். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அந்த வாசல் சாவு வீடாகிவிட்டது.

அழுது ஓய்ந்ததும் பஷீர் அவள் மூட்டையைச் சுமந்துபோய் மலை பஸ்ஸில் ஏற்றினான். திரும்பி வந்து, "அந்த மனுசனைப் பத்தித் தெரியாமலே அவரைப் பாத்துச் சிரிக்க வெச்சுட்டன்டா" என்றான். அந்த நாடகத்தை அதன்பின் அவர்கள் போடவில்லை.

தீர்த்தமலை போகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் படியேறிவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். அரூரில் பஸ் மாறும்போது யாராவது தரையில் கிடந்தால், குனிந்து மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பஸ் போனால் இன்னொரு பஸ் வரும்.