ஏழாவது களாச்செடி

பேய், பில்லி, சூனியம் எதையும் நான் நம்பியவன் இல்லை. முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், எண்ணிப் பார்க்காத எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதையும் எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன், நீங்கள் நம்புவீர்களா என்பது சந்தேகம்தான்.

கெடாரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் நிலத்தைப் பறவைகளுக்கென்றே விட்டிருக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் அங்கே கம்பி வேலியை ஒட்டி ஆறு களாச்செடி வைத்தேன். என் மகன் செல்வம்தான் குழி வெட்டினான். முதல் கோடையில் மட்டும் தண்ணீர் ஊற்றினேன், அப்புறம் அவை பாட்டுக்கு வளர்ந்தன. முள் இருப்பதால் ஆடும் கிட்டே வராது.

போன மாசியில் இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்துவிட்டேன். இரண்டே தடவை. அதற்கே செல்வம், நிலத்தை விற்றுவிட்டு அவனோடு சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். ஞாயிற்றுக்கிழமை நேரில் பேச வருவதாகச் சொன்னான்.

சனிக்கிழமை காலை எட்டு மணி, நல்ல வெயில். செடிகளைப் பார்க்கப் போனேன், ஏழு இருந்தன. திருப்பி எண்ணினேன், ஏழு. எல்லாம் ஒரே உயரம், எங்கும் மண் கிளறிய தடம் இல்லை. என் மனைவி சரோஜாவைக் கூப்பிட்டேன். அவளும் விரலை மடக்கி எண்ணினாள்.

"ஆறுதானேங்க வெச்சோம்?" என்றாள்.

ஆளுக்கொரு முனையாக டேப்பைப் பிடித்து அளந்தோம். செடிக்குச் செடி ஆறடி, ஆறு இடைவெளியும் அப்படியே. மொத்தம் முப்பத்தாறு வர வேண்டும். முதல் செடியிலிருந்து கடைசிச் செடி வரை இழுத்தால் முப்பதுதான் வந்தது. மூன்று முறை இழுத்தோம்.

"புள்ளகிட்ட வாயத் தொறக்காதீங்க. முத்திப்போச்சின்னு நாளைக்கே வண்டியில ஏத்திக்கினு பூடுவான்," என்றாள்.

மறுநாள் செல்வம் வந்தான். வேலிக்கு முதுகு காட்டி என்னை நிற்கவைத்து, சிரித்துக்கொண்டே கேட்டான்: "எத்தினி செடிப்பா வெச்சோம், கரெக்டா சொல்லு பாக்கலாம்?"

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே தப்பு விடை சொன்னேன். "ஏழு."

"ஆங். நான்தான ஏழு குழி வெட்டினேன், கையெல்லாம் கொப்புளம்," என்றான். அவன் முகம் தெளிந்துவிட்டது, விற்கிற பேச்சை அதோடு விட்டான். அவன் பஸ் ஏறியதும் சரோஜாவைப் பார்த்தேன்.

"இன்னா பாக்குறீங்க? எப்பவும் ஏழுதான," என்றாள். விளையாட்டாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆனியில் களா பழுத்துக் கறுத்தது. சின்னான் குருவிகள் கூட்டமாக வந்து செடி செடியாகக் கொத்தித் தின்றன. நடுவில் இருக்கும் நாலாவது செடியில் மட்டும் ஒன்றுகூட உட்காரவில்லை. அதில் காலையில் நூற்றுப் பன்னிரண்டு பழம் எண்ணினேன், மாலையிலும் நூற்றுப் பன்னிரண்டு. இன்றைக்கும் அவை காய்ந்து அதிலேயே தொங்குகின்றன. ஆறு என்று என்னோடு ஒத்துப்போவது இப்போது அந்தக் குருவிகள் மட்டும்தான்.