மூடியக்காவும் மண்ணின் மூச்சும்

வயலில் பதித்த வளையத்தின் மேல் மூடியை வைத்ததும், மூடியக்கா மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றுவிடுவாள். "நம்ம மூச்சு பட்டா மண்ணு பொய் சொல்லிடும்" என்பாள். மண்ணுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் விடுகிற கரியமில வாயுவை மூடிக்குள் பிடித்து அளப்பதுதான் ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்கு வேலை. சொந்தப் பெயர் மறைந்து மூடியக்கா ஆகிப்போனாள்.

வேலையில் மகா கறார். பக்கத்தில் யாராவது தும்மிவிட்டால் போதும், அந்த அளவைத் தள்ளிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். தும்மியவர் அதிகாரியாக இருந்தாலும் விடமாட்டாள். "சார், அந்தப் பக்கம் போய்த் தும்முங்க."

கோடையில் காய்ந்த மண்ணில் மீட்டர் எண் நகரவே நகராது. "சாகல, சும்மா படுத்துக் கிடக்கு" என்று அதற்காகப் பரிந்து பேசுவாள். முதல் மழை விழுந்ததும் மீட்டரில் எண் கிடுகிடுவென்று ஏறும். அன்றைக்கு அவளைக் கையில் பிடிக்க முடியாது. குளிர் வந்தால் வாரத்துக்கு வாரம் இறங்கும். அவள் முகமும் கூடவே இறங்கும்.

காரணம் வீட்டில் இருக்கிறது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர், நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டார். போன குளிரில் மண்ணில் எண் குறையக் குறைய அவருக்கும் மூச்சு குறைந்தது. குளிர் போய் மண் தேறியபோது அவரும் எழுந்து உட்கார்ந்தார். அத்தோடு இரண்டையும் மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார்: "இன்னிக்கு உன் மண்ணு எப்படி இருக்கு?"

"ஏறிட்டுதான் இருக்கு."

வயலில் ஒரு தும்மலைக்கூட மன்னிக்காதவள், வீட்டில் வாய் கூசாமல் புளுகினாள். இந்தக் குளிரைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவருக்கு நம்பிக்கை விட்டுப்போனால் ஆளும் போய்விடுவார் என்று அவளுக்குப் பயம். பாவம், வேறு என்னதான் செய்வாள்?

இந்த வாரம் அவருக்குப் பேச்சு வரவில்லை. ஆக்சிஜன் முகமூடிக்குள் உதடு மட்டும் அசைந்தது. என்ன கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா? கட்டிலோரம் உட்கார்ந்து, "எகிறுதுங்க, இன்னிக்கு இவ்வளவு!" என்று அவர் முகத்துக்கு மேலே கையை உயர்த்திக் காட்டினாள். ஸ்வெட்டர் கையில் வயல் பனியின் ஈரம் இன்னும் காயவில்லை.

அவர் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரமப்பட்டு அவள் கையை எட்டிப் பிடித்தார். மெல்ல மெல்லக் கீழே இறக்கி, மெத்தையோடு மெத்தையாக வைத்து, அது மறுபடி எழாதபடி தன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டார்.